சகலை வீட்டுச் சிவப்பு இறால்

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். உத்தமபாளையத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். கம்பம் ரோட்டில் கடை, பின் தெருவில் வீடு. இருபது வருடமாகத் திராட்சைக்கும் வாழைக்கும் வருகிற அத்தனை நோய்க்கும் மருந்து சொல்லிக் கொடுக்கிறவன் நான். அப்படிப்பட்டவன், என் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இறால் ஏன் செத்துச் செத்து விழுகிறது என்று தெரியாமல் ஏழு மாதம் முழித்தேன். கடைசியில் அதைக் கண்டுபிடித்த விதம் இருக்கிறதே, அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதலில் என் சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். கம்பத்தில் வீடு, ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. என்னைவிட எட்டு வயது சின்னவர், 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்த மாட்டார், யாரையும் குறை பேச மாட்டார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். அவரிடம் குறை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. எனக்கு அவர்மேல் இருந்த பெரிய குறையே அதுதான்.

மாமனார் வீடு மார்க்கையன்கோட்டை. மூத்த மாப்பிள்ளையாக நான் அங்கே ராஜா மாதிரி இருந்தேன். சகலை வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்த மரியாதை பாதியாகக் குறைந்துவிட்டதாக எனக்கு ஓர் எண்ணம். அவர் ஊன்றிய முருங்கைக் குச்சி தளிர்த்தது, நான் ஊன்றியது பட்டுப்போனது. அவர் வாங்கிக் கொடுத்த கன்னுக்குட்டி சினையானது. "சின்ன மாப்ளைக்குக் கைராசி" என்று என் மாமியார் நாலு பேர் இருக்கும்போது சொல்லுவார். எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் பக்கம் கைராசி என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. என் கடைக்கு வருகிற, தோட்டம் வைத்திருக்கிற சம்சாரிகளில் பாதிப்பேர் பருவத்தின் முதல் மருந்தை என் கையால்தான் வாங்குவார்கள். நான் சாப்பிடப் போயிருந்தால், கல்லாவில் என் மனைவி உட்கார்ந்திருந்தாலும் வாங்க மாட்டார்கள். "மொதலாளி வரட்டும்த்தா, அவுக கையால வாங்கிக்கிறோம்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். ஊருக்கெல்லாம் ராசியான கை மாமனார் வீட்டில் மட்டும் செல்லாது என்றால் ஒரு மனுசனுக்கு எரியுமா எரியாதா?

அந்த வருடத் தீபாவளிக்குச் சகலை வீட்டில் கூடினோம். கூடத்தில் இரண்டரை அடிக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே பாசிக்கு நடுவில், விரல்நகம் அளவுக்கு ரத்தச் சிவப்பில் இறால்கள். இருநூறாவது இருக்கும். குட்டிக் குட்டிக் கைகளால் பாசியை எடுத்து எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தன. எல்லாரும் டிவியை விட்டுவிட்டு அங்கேதான் நின்றார்கள். "இத்தனையூண்டா இருக்கே, இத எப்பக் கொழம்பு வைக்கிறது?" என்று மாமியார் கேட்டதற்கு வீடே சிரித்தது. நான் கொண்டுபோன அல்வாப் பெட்டியை யாரும் பிரிக்கவில்லை.

நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சகலையே பத்து இறாலைப் பையில் பிடித்துக் கொடுத்தார். "வச்சுப் பாருங்கண்ணே. ரெண்டு மாசத்துல நூறாயிரும்" என்றார். மறுவாரமே தேனிக்குப் போய்த் தொட்டி வாங்கினேன். மூன்றடித் தொட்டி. அவருடையதைவிட அரையடி பெரிசு.

நூறு எங்கே ஆனது! முதல் வாரம் இரண்டு செத்தது. அடுத்த வாரம் மூன்று. சிவப்பெல்லாம் வெளுத்து, வெந்த இறால் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். கூடவே விட்டிருந்த கப்பி மீன்கள் என்னவோ ஜோராக வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தன. மீன் பிழைக்கிற தண்ணீரில் இறால் ஏன் சாகிறது? எனக்குப் புரியவில்லை.

குழாய்த் தண்ணீரில் குளோரின் என்றார்கள், இரண்டு நாள் வாளியில் வைத்து ஊற்றினேன். போர்த் தண்ணீரில் உப்பு என்றார்கள், கேன் தண்ணீருக்கு மாறினேன். மணலைக் கொட்டிவிட்டு வேறு மணல் போட்டேன். பாசியை மாற்றினேன். தீவனத்தைக் குறைத்தேன், கூட்டினேன். தேனிக் கடைக்காரர் சொன்ன காகிதப் பட்டையைத் தண்ணீரில் முக்கி நிறம் பார்த்தேன், எல்லாம் சரி என்றது. சகலையிடமிருந்து இன்னொரு பத்து வந்தது, அதன்பிறகு இன்னொரு பத்து. வந்ததெல்லாம் செத்தது. அவர் வீட்டிலோ வாளியில் அள்ளிக் கொடுக்கிற அளவுக்குப் பெருகிக் கிடந்தது.

நான் தினமும் தொட்டியை எவ்வளவு கவனித்தேன் தெரியுமா? கடையை அடைத்துவிட்டு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தொட்டிதான். அழுகிய இலையைப் பொறுக்குவேன், சாய்ந்த செடியை ஊன்றுவேன், கண்ணாடியில் படிந்த பாசியை விரலால் வழித்துவிடுவேன். "கைகாலக் கழுவிட்டு உக்காரக் கூடாதா?" என்று என் மனைவி உள்ளேயிருந்து சத்தம் போடுவாள். சோற்றுக்கு உட்காரும்போது கழுவுகிறேன் என்பேன். சகலையோ வாரத்துக்கு ஒருதரம்தான் தொட்டியை எட்டிப் பார்ப்பார். அவருக்குப் பெருகுகிறது, எனக்குச் சாகிறது. என்ன நியாயம் இது?

இடையில் ஒரு கல்யாணத்துக்காக ஒன்பது நாள் ஊரில் இல்லை, கடையும் அடைத்திருந்தது. திரும்பி வந்து பார்த்தால் ஒன்றுகூடச் சாகவில்லை. கிளம்பும்போது என் மனைவி தொட்டிக்கு மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். சரி, இது கண்ணேறுதான் என்று முடிவு கட்டினேன். யார் கண்? வேறு யார், சகலை கண்தான்! அடுத்த வாரமே மறுபடி சாக ஆரம்பித்ததும் யோசனை வேறு பக்கம் போனது. நல்ல சினை இறாலையெல்லாம் தான் வைத்துக்கொண்டு, நோஞ்சான்களாகப் பார்த்து எனக்குத் தள்ளிவிடுகிறார். சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறார். இந்த நினைப்பு வந்தபிறகு எனக்குத் தூக்கமே சரியில்லை.

அந்தச் சமயத்தில் கம்பம் பக்கம் ஒரு தோட்டக்காரர் திராட்சையில் இலைப்பேன் விழுந்திருக்கிறது என்று கூப்பிட்டார். புது மருந்தோடு போனேன். டிரம்மில் நானே அளந்து ஊற்றிக் கலக்கிக் காட்டினேன். மூடியில் அளக்கும்போது வழிந்தது, துண்டில் துடைத்துக்கொண்டேன். இந்த வேலையில் அது வழிந்துகொண்டேதான் இருக்கும். வேலை முடிந்ததும், அருகில்தானே என்று சகலை வீட்டுக்கு வண்டியை விட்டேன். அவர் அலுவலகம் போயிருந்தார். கொழுந்தியா மட்டும் இருந்தாள். "வாங்க மாமா, இப்பத்தான் பால் வந்துச்சு, டீ போடுறேன்" என்று அடுப்படிக்குள் போனாள்.

நானும் தொட்டியும் மட்டும். பக்கத்தில் குனிந்து பார்த்தேன். வயிற்றுக்கடியில் மஞ்சள் முட்டை அப்பிய சினை இறால்கள் ஏழெட்டு பாசிமேல் உட்கார்ந்திருந்தன. பார்த்தாயா, எனக்குத் தராமல் வைத்திருக்கிற சரக்கு இதுதான் என்று உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முழங்கைவரை சட்டையை ஏற்றினேன். கையை உள்ளே விட்டேன். என் தண்ணீர் பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு, தொட்டித் தண்ணீரையே முகந்து, ஆறு சினை இறாலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டேன். கடைசி ஒன்று ஓடி ஓடி ஒளிந்தது, அதற்காகத் தொட்டி முழுக்கத் துழாவினேன். டீ வரும்போது துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். டீ பிரமாதம் என்று வேறு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தால் ஆறும் மல்லாந்து கிடந்தன. வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்தது தப்பு என்று நினைத்துக்கொண்டேன். வாய்க்காலில் கொட்டிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை கடையில் இருந்தேன். புதிதாக வந்திறங்கிய பெட்டியில் ஒரு பாட்டில் கசிந்திருந்தது. பழைய துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சகலை போன் செய்தார். குரலே சரியில்லை. தொட்டியில் இருந்த அத்தனை இறாலும் ராத்திரியோடு செத்துவிட்டதாம், ஒன்றுகூட மிச்சமில்லையாம். கூட விட்டிருந்த மீன்கள் மட்டும் உயிரோடு இருக்கிறதாம்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். உன் கைராசியும் இவ்வளவுதானா என்று உள்ளுக்குள் ஒருவன் குதித்தான்.

"அண்ணே, நீங்கதான் வெவரம் தெரிஞ்சவுக. இவ நாலு நாளைக்கி முன்னால அடுப்படியில கரப்பானுக்கு மருந்து அடிச்சிருக்கா. அது பட்டாச் சாகுமா?" என்று கேட்டார்.

"சாகும் தம்பி. ஒரு சொட்டுப் பட்டாக்கூட அம்புட்டும் சாகும். மீனு தாங்கிக்கிரும், எறா தாங்காது. அதுவும் பூச்சி சாதிதான" என்று கையிலிருந்த பாட்டிலின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே சொன்னேன். குளம், குட்டையில் கலக்கக்கூடாது, நீர்வாழ் உயிரினங்களுக்குக் கேடு என்று அதில் போட்டிருக்கும். தினமும் பத்து சம்சாரிகளிடம் நான் ஒப்பிக்கிற வரிதான்.

போனை வைத்தேன். கையைப் பார்த்தேன். உள்ளங்கையில் மருந்து ஈரம் மினுங்கிக்கொண்டிருந்தது. மூக்கருகில் கொண்டுபோனேன். இருபது வருடத்தில் எனக்கே தெரியாமல் போன வாடை அது.

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு மாதமாகச் செத்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கடை திறந்திருந்த நாளெல்லாம் சாவு. கல்யாணத்துக்குப் போன ஒன்பது நாளும் சாவு இல்லை. எலுமிச்சம்பழமாவது ஒன்றாவது! கடையை அடைத்த கையோடு நேரே தொட்டிக்குள் கையை விட்டவன் நான். தண்ணீரை மாற்றினேன், மணலை மாற்றினேன், சகலையைச் சந்தேகப்பட்டேன். கழுவாமல் விட்ட கையை மட்டும் ஒருநாளும் யோசிக்கவில்லை. மருந்து கலக்கிய ஈரத்தோடு அவர் தொட்டியைத் துழாவியதும் இதே கைதான். கரப்பான் மருந்து அடித்து மூன்று நாள் வரைக்கும் ஒன்றும் ஆகாத தொட்டி, நான் போய்வந்த ராத்திரி காலியாகியிருக்கிறது.

உடனே திருப்பி போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உங்கள் வீட்டில் திருடினேன் என்றா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் ஓட்டினேன். அந்தப் பத்து நாளும் என் தொட்டிப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. மிச்சமிருந்தது இரண்டே இரண்டு இறால். இரண்டும் பாசியை மேய்ந்துகொண்டு தெம்பாக இருந்தன. அவை செத்துத் தொலைந்தால் என்மேல் தப்பில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். உயிரோடு இருக்கும். பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பதினோராம் நாள் என் மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். தங்கை பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கையன்கோட்டைக்கு வந்துவிட்டாளாம். சகலை அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாராம். பத்து நாளாக ஒரு வார்த்தை கிடையாதாம். காலித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். "திட்டிருந்தாக்கூடத் தாங்கிக்கிருவேங்கா, கொலகாரிய பாக்குற மாதிரி பாக்குறாகன்னு அழுகுறா. நீங்க வேற சொன்னீகளாம்ல, ஒரு சொட்டுப் பட்டாலும் சாகும்னு" என்றாள் என் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை சமாதானம் பேச எல்லாரும் மாமனார் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. காலையில் எழுந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினேன். வலையால் அந்த இரண்டு இறாலையும் பிடித்து, புது டப்பாவில் விட்டு, மடியில் வைத்துக்கொள்ளும்படி மனைவியிடம் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டாள். அங்கே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

அங்கே சகலை ஒரு மூலையில், கொழுந்தியா ஒரு மூலையில். மாமனார் தொண்டையைக் கனைத்துவிட்டு, "மூத்த மாப்ளதான் மருந்து வெவரம் தெரிஞ்சவுக, அவுகளே சொல்லட்டும்" என்று ஆரம்பித்தார். என்னை அவர் அப்படி முன்னால் வைத்துப் பேசி எத்தனையோ வருடமாகிறது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே ஏங்கிக்கொண்டிருந்தேன்! அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்?

சொல்லிவிட்டேன். கையை விட்டது, ஆறை எடுத்தது, பாட்டிலில் செத்தது, போனில் பெரிய விவரம் தெரிந்தமாதிரி பேசியது, பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். வயிற்றெரிச்சலில் செய்தேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் ரொம்ப நேரமானது.

மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். கொழுந்தியாதான் முதலில் பேசினாள். "நான் போட்ட டீயக் குடிச்சுட்டு நல்லாருக்குன்னு வேற சொல்லிட்டுப் போனீக மாமா. பத்து நாளா நான் சாப்புடல" என்றாள்.

சகலை என் பக்கம் திரும்பவில்லை. எழுந்து நேரே மனைவியிடம் போனார். "தப்பு எம்மேலதான். யாரு என்ன சொன்னாலும் நான் ஒன்னையக் கேட்டுருக்கணும். பேசாம இருந்தது பெரிய தப்பு" என்று மாமனார், மாமியார், எல்லார் முன்னாலும் சொன்னார். அவள் அழுதாள். அந்த நிலைமையிலும் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? இருபது வருடத்தில் என் மனைவியிடம் தனியாகக்கூட நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பிறகுதான் என்னிடம் வந்தார். "கேட்டுருந்தா நானே புடிச்சுக் குடுத்துருப்பேன்ல" என்று மட்டும் சொன்னார். அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் டப்பாவை நீட்டினேன். "நீங்க குடுத்ததுல மிச்சம் இதுதான் தம்பி" என்றேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடியை லேசாகத் திறந்துவைத்தார், காற்றுப் போகட்டும் என்று.

திரும்பி வரும்போது என் மனைவி வண்டியில் என் தோளைப் பிடிக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சின்னமனூர் தாண்டியபிறகு வாயைத் திறந்தாள். "எறாவத் திருடுனதக்கூட விட்டுருவேன். அந்தப் புள்ள மேல பழி விழுகும்னு தெரிஞ்சும் சும்மா இருந்தீக பாருங்க" என்றாள். அன்றைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு. பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை. ஆனாலும் கேட்டேன்.

சகலை தொட்டியை நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி அந்த இரண்டையும் விட்டார். அதில் ஒன்று ஆண், ஒன்று பெண்ணாக அமைந்துவிட்டது. ஆறேழு மாதத்தில் சகலை வீட்டுத் தொட்டி மறுபடி சிவந்துவிட்டது. கொழுந்தியா இப்போது பேசுகிறாள். டீ கொடுக்கும்போது மட்டும், "மாமா, கைய மேல வச்சுக்கங்க" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். போன தைப்பொங்கலுக்குச் சகலை எனக்கு மறுபடி பத்து இறால் பிடித்துக் கொடுத்தார். கடைக் கொல்லையில் குழாயும் சோப்பும் வைத்திருக்கிறேன். கையுறை போட்டுத்தான் பாட்டிலைத் தொடுகிறேன். வருகிற சம்சாரிகளுக்கும், வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் கழுவுங்கள் என்று ஆள் தவறாமல் சொல்கிறேன்.

என் தொட்டியில் இப்போது நாற்பது இருக்கும். அவருடையதில் முந்நூறு. வயிறு எரிகிறதா என்று கேட்டால், எரிகிறதுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொருவர் வீட்டில் எதுவாவது தழைத்து என் வீட்டில் வாடினால், இப்போதெல்லாம் அவரைப் பற்றி ஒரு வார்த்தை நினைப்பதற்கு முன்னால், என் கையைத்தான் முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.